பயண இலக்கியத்தில் வழிப்போக்கரும் குடியிருப்போரும்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில், ஜப்பானிய நாட்டின் நகோயா நகரிலிருந்து தடித்த உறையொன்று என் பெயருக்கு வந்தது. அனுப்பியவர் தொடக்கப்பள்ளியில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர். பொறியியல் கற்று, அங்கே ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். உறைக்குள் பத்துப் பயணக் கட்டுரைகளும் ஒரு கடிதமும் இருந்தன. பயண நூலாசிரியர் ஆவது தம் நெடுநாளைய விருப்பம் என்றும், அயல்நாட்டில் வாழும் வாய்ப்பு அமைந்திருக்கும்போதே அதனைத் தொடங்கிவிட எண்ணுவதாகவும், கட்டுரைகளைப் படித்துத் திருத்தி ஒரு முன்னுரையும் எழுதித் தர வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார்.

முதல் ஒன்பது கட்டுரைகளும் நாம் எதிர்பார்க்கும் வரிசையிலேயே அமைந்திருந்தன. ஃபூஜி மலை, கியோத்தோ நகரத்துப் பொன்மண்டபம், நாராவின் மான்கள், ஹிரோஷிமாவின் நினைவுப் பூங்கா, அதிவேக இரயில், நகோயாக் கோட்டையின் கூரைமேல் மின்னும் பொன்மீன்கள் என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மொழியில் பிழை இல்லை. தகவல்களிலும் பிழை இல்லை. ஆயினும் படித்து முடித்தபோது நான் ஜப்பானைக் காணவில்லை. அங்கே ஆறு ஆண்டுகள் வாழ்ந்த மனிதரையும் காணவில்லை. நான்கு நாள் சுற்றுலாவில் சென்று திரும்பிய எவரும் அவற்றை எழுதியிருக்கலாம். பத்தாவது கட்டுரையோ முற்றிலும் வேறு வகையானது. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பும் இருந்தது. அக்குறிப்பு என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அதனைப் பின்னர் கூறுவேன்.

அந்த ஒன்பதுக்கும் இந்த ஒன்றுக்கும் இடையே என்ன வேறுபாடு? அயல்நாட்டில் வாழ்பவர் பயண இலக்கியத்துள் நுழைய வேண்டுமானால் எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும்? இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே என் நோக்கம். தமிழாசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. பழியில் பங்கு சற்றுக் கூடுதலாகவே உண்டு.

தமிழில் பயண இலக்கியத்தைப் பற்றி எழுதப் புகுவோர் ஆற்றுப்படையிலிருந்து தொடங்குவது மரபாகிவிட்டது. நானும் அம்மரபை மீறப் போவதில்லை. ஆனால் பழம்பெருமை பேசுவதற்காக அன்று. ஆற்றுப்படையில் நாம் மறந்துபோன ஓர் இயல்பைச் சுட்டுவதற்காகவே அதனை எடுத்துக்கொள்கிறேன். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் வழிப்படுத்தும் நான்கில் பேசுபவன், வறுமையால் புறப்பட்டுப் பரிசில் பெற்று மீள்பவன். கேட்பவன், இனிமேல் அவ்வழியே செல்ல வேண்டியவன். எனவே, சொல்பவன் தான் அடைந்த வியப்பை மட்டும் விரித்துக்கொண்டிருக்க இயலாது. எந்த ஊரில் எவர் உணவு தருவர், என்ன உணவு தருவர், எங்கே அஞ்சி நடக்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிலில் கிடைக்கும் சோறும், ஆயர் குடியில் கிடைக்கும் பாலும், உழவர் மனையில் கிடைக்கும் உணவும் வெவ்வேறாக வருகின்றன. மலைபடுகடாமோ அபாயங்களின் பட்டியலையே தருகிறது. தினைப்புனம் காப்போர் விலங்குகளை நோக்கி எறியும் கல் உங்கள்மேல் படலாம், பன்றிக்கு வைத்த பொறியில் கால் சிக்கலாம், பாறை வழுக்கலாம் என்றெல்லாம் அது கூத்தரை எச்சரிக்கிறது. வள்ளலைப் புகழும் நோக்கம் அந்நூல்களுக்கு இருந்தது என்பது உண்மையே. ஆயினும் புகழ்ச்சிக்கு இடையிலும் வழி மறைந்துவிடவில்லை. நம் காலத்துப் பயண நூல்கள் பலவற்றில் வழி மறைந்து, சென்றவர் மட்டுமே நிற்கிறார். கோபுரத்தின் முன் நின்று எடுத்துக்கொண்ட நிழற்படத்தைப்போல.

நம் மண்ணிலேயே, நம்மோடு உறவுடைய ஒருவரிடமிருந்து அடுத்த எடுத்துக்காட்டைக் காட்ட விரும்புகிறேன். முன்ஷி அப்துல்லாவை மலாய் இலக்கியப் பாடத்தில் நம் மாணவர்கள் கேட்டிருப்பர். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவருடைய முன்னோர் நாகூர் வழியாக மலாக்காவுக்கு வந்தவர்கள். மலாக்காவில் கணக்கு வழக்குகளுக்குத் தமிழ் வேண்டியிருந்த காலமாதலால், இளமையில் அவர் தமிழும் கற்றார். ‘முன்ஷி’ என்பதற்கு மொழியாசிரியர் என்று பொருள். ஆகவே, அவரை நம் தொழிலைச் சேர்ந்தவர் என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. 1838இல் அவர் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிப் பகாங், திரங்கானு வழியாகக் கிளந்தானுக்குச் சென்றார். இன்பச் சுற்றுலாவுக்காக அன்று. கிளந்தானில் மூண்டிருந்த உள்நாட்டுப் போரில் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு சிக்கிக்கொண்டது. அதன் பொருட்டு எழுதப்பட்ட கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் பணியில் மொழியறிந்தவராக அவர் உடன் சென்றார். அப்பயணத்தை எழுதிய நூலே ‘கிசா பெலாயாரான் அப்துல்லா’.

அந்நூலில் கடற்கொள்ளையரைப் பற்றிய அச்சம் உண்டு; கரையோர ஊர்களின் துப்புரவின்மை உண்டு; ஆடவர் எந்நேரமும் ஆயுதத்தோடு திரிவதைக் கண்ட வியப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு: வளம் நிறைந்த நாட்டில் மக்கள் ஏன் வறியவராயிருக்கின்றனர்? உழைத்துச் சேர்த்தால் ஆள்வோர் பறித்துக்கொள்வர் என்னும் அச்சமே காரணம் என்று அவர் முடிவு கட்டுகிறார். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த சிங்கப்பூரைத் தராசின் ஒரு தட்டில் வைத்து மலாய் நாடுகளை மறுதட்டில் வைத்தார், ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்று பிற்காலத் திறனாய்வாளர் அவரைக் குறை கூறினர். அக்குறை நியாயமானதே. குடியேறிய நாட்டில் தனக்கு நிழல் தந்தவரைப் புகழ்வது, அயலகத்தில் வாழ்ந்து எழுதுவோருக்கு என்றும் உள்ள சறுக்குப்பாறை. எனினும் அவர் கேட்ட கேள்வி பயணியின் கேள்வி அன்று; அங்கே வாழ்பவர்மீது அக்கறை கொண்டவரின் கேள்வி. அதனால்தான் ஏறத்தாழ 190 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நூல் படிக்கப்படுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்ப் பயண இலக்கியம் என்றதும் ஏ. கே. செட்டியாரின் பெயர் முதலில் நிற்கிறது. ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்பது அவர் எழுதிய நூலின் பெயர். பின்னர் அவருக்கே பட்டப்பெயராகவும் அமைந்துவிட்டது. அவருடைய பெருமையை மைல் கணக்கில் அளக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக அவர் ஏறத்தாழ 1,00,000 மைல் சுற்றினார், 50,000 அடி நீளப் படச்சுருளைத் திரட்டினார் என்று மேடைதோறும் கேட்கிறோம். அவை வியக்கத்தக்க செய்திகளே. ஆனால் எழுத்தாளராக அவர் எப்படி உருவானார் என்பதை அந்த எண்கள் சொல்லவில்லை.

கோட்டையூரில் 1911இல் பிறந்த அவர், இளமையிலேயே பர்மாவுக்குச் சென்று, இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். அதன்பின் புகைப்படக்கலை பயில ஜப்பானுக்குச் சென்றார்; பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். 1937 அக்டோபரில், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில்தான் காந்திப் படத்தைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு 26 வயதும் நிரம்பவில்லை. இந்த வரிசையைச் சற்று நின்று நோக்க வேண்டும். இரங்கூனில் அவர் இதழாசிரியர், தோக்கியோவில் மாணவர், ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் படச்சுருள் தேடும் பணியாளர். ஓரிடத்திலும் அவர் வெறும் பார்வையாளராக இல்லை. கையில் ஒரு வேலை இருந்தது. வேலை இருப்பவன் கதவுகளைத் தட்டியாக வேண்டும்; மொழி தெரியாதவரிடம் பேசியாக வேண்டும்; காத்திருக்க வேண்டும்; ஏமாற வேண்டும். அவ்வாறு தட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்த மனிதர்களே அவருடைய நூல்களில் வருகின்றனர். கட்டடங்கள் குறைவு, மனிதர்கள் மிகுதி.

அவருடைய நடையும் அந்த வாழ்க்கையிலிருந்து பிறந்ததே என்று கருதுகிறேன். வாக்கியங்கள் சிறியவை. வியப்புக்குறிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். தன்னைப் பற்றிய செய்தி வரும்போது விரைந்து கடந்துவிடுகிறார். பிறரைப் பற்றிய செய்தி வரும்போது நிற்கிறார். நகைச்சுவை உண்டு, அது பெரும்பாலும் அவரையே நோக்கித் திரும்புவது. இதழாசிரியராக இருந்து பிறருடைய கட்டுரைகளில் மிகையை வெட்டிப் பழகிய கை, தன் கட்டுரையிலும் அதனை வெட்டியிருக்கிறது. ‘மலேயா முதல் கனடா வரை’ என்னும் நூலின் பெயரைப் பாருங்கள். அதில் ஓர் அடைமொழிகூட இல்லை.

குறை இல்லையா என்றால், உண்டு. அவருடைய அடக்கம் சில இடங்களில் வாசகனைப் பசியோடு எழுப்பிவிடுகிறது. இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாகாதா என்று ஏங்கும் இடத்தில் கட்டுரை முடிந்துவிடும். ஓர் அனுபவம் தம்மை என்ன செய்தது என்பதை அவர் சொல்லவே மாட்டார். மாணவர்கள் அவரைப் பின்பற்றும்போது இந்த வறட்சியை மட்டும் பின்பற்றிவிடக்கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆயினும் மிகையில் மூழ்கிய நம் துறைக்கு இந்த வறட்சி நல்ல மருந்து.

செட்டியார் செய்த மற்றொரு பணியை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. 1943இல் அவர் தொடங்கிய ‘குமரிமலர்’ இதழில் பழைய எழுத்துகளைத் தேடித் தேடி வெளியிட்டார். அத்தேட்டத்தின் பயனாகத் ‘தமிழ்நாடு’ என்னும் பெயரில், பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளின் தொகுப்பை 1968இல் கொண்டுவந்தார். உலகம் சுற்றியவர் இறுதியில் தம் சொந்த நாட்டுக்குள் பிறர் செய்த பயணங்களைத் தொகுத்தார் என்பது சிந்தனைக்குரியது. மாட்டு வண்டியில் சென்றவரின் கட்டுரையும் அவருக்குக் கப்பலில் சென்றவரின் கட்டுரைக்குக் குறைந்ததாகப் படவில்லை.

இரங்கூன் நகரம் தமிழ் உரைநடைக்கு ஒரு நாற்றங்காலாக இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. வெ. சாமிநாத சர்மா 1932 முதல் 1942 வரை அங்கே வாழ்ந்தார். ‘ஜோதி’ இதழை நடத்தினார். கிரீஸ், சீனா, பாலஸ்தீனம் என உலக நாடுகளைப் பற்றி நூலறிவின் துணைகொண்டு எழுதியவர் அவர். அவரை வரலாறு ஒரு பயணத்துக்கு இழுத்துச் சென்றது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பல்லாயிரவரோடு சர்மாவும் அவர் மனைவியாரும் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டனர். அந்த அனுபவமே ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்னும் நூல். பத்தாண்டுகள் குடியிருந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவரின் கண்ணில் படும் பர்மா, விடுதியிலிருந்து கிளம்புகிறவரின் கண்ணில் படாது. எதை விட்டுச் செல்கிறோம் என்று அறிந்தவரின் எழுத்து அது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் அதே போர்க்காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சென்றவர்களுள் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது, சர்மாவின் நூல் நமக்குக் கூடுதலாகக் கனக்கிறது.

ப. சிங்காரத்தையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். அவர் எழுதியவை நாவல்கள். பயண நூல்கள் அல்ல. ஆயினும் 1938இல் மேடானுக்குச் சென்று, போர் முடியும்வரை அப்பகுதியில் வாழ்ந்த அவர், ‘புயலிலே ஒரு தோணி’யில் மேடானையும் பினாங்கையும் காட்டியிருப்பதைப்போல் எந்தப் பயணக் கட்டுரையாளரும் காட்டவில்லை. வட்டிக்கடையில் பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதியவர்களின் பேச்சு அதில் கேட்கிறது. நூல் வெளிவந்தது 1972இல். கண்டதற்கும் அச்சேறியதற்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. வந்து இறங்கிய மறுநாளே எழுதத் துடிக்கும் நம் இளைஞர்கள் இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

தனிநாயகம் அடிகளாரின் ‘ஒன்றே உலகம்’ 1966இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையின் தலைவர். அவர் நாடு நாடாகச் சென்றது தமிழுக்கு உரியவற்றைத் தேடி. 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்திலிருந்து பெற்று, அதனை நம் கோலாலம்பூரிலிருந்தே மறுபதிப்பாக வெளியிட்டவர் அவர். இங்கும் கையில் ஒரு வேலை இருப்பதைக் காண்கிறோம். நூலின் தொனி சில இடங்களில் சொற்பொழிவுத் தொனியாகிவிடுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

1960களிலும் 1970களிலும் தமிழக வார இதழ்கள் எழுத்தாளர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பயணத் தொடர்கள் எழுதச் செய்தன. ஆனந்த விகடனில் மணியன் எழுதிய ‘இதயம் பேசுகிறது’ அவற்றுள் புகழ்பெற்றது. வெளிநாட்டைக் கனவிலும் காணாத இலட்சக்கணக்கானோர் அவற்றால் உலகப்படத்தைத் தெரிந்துகொண்டனர். அந்தப் பயனை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் அத்தொடர்கள் ஓர் அச்சையும் உருவாக்கிவிட்டன. விமானம் ஏறுதல், குளிர், சைவ உணவுக்குத் திண்டாடுதல், எதிர்பாராமல் ஒரு தமிழர் வீட்டில் சாம்பார் கிடைத்தல், வியப்பு, ஒப்பீடு, விமானம் இறங்குதல். அந்த அச்சு அன்று புதியது. இன்று தேய்ந்துவிட்டது. ஒரு கோட்டையின் உயரத்தையும் அது கட்டப்பட்ட ஆண்டையும் கைப்பேசி நொடியில் சொல்லிவிடும் காலத்தில், அவற்றைச் சொல்வதற்கு ஓர் எழுத்தாளர் வேண்டியதில்லை. தி. ஜானகிராமன் ஜப்பானைப் பற்றி எழுதிய ‘உதய சூரியன்’ அந்த அச்சுக்குள் அடங்காமல் நிற்பதற்குக் காரணம், அவர் குறுகிய காலமே சென்றிருந்தும் நாவலாசிரியரின் செவியை உடன் எடுத்துச் சென்றதுதான். வழிப்போக்கர் அனைவரும் மேலோட்டமானவர் என்றும், குடியிருப்போர் அனைவரும் ஆழமானவர் என்றும் நான் கூறுவதாகக் கொள்ள வேண்டா. குடியிருந்தும் காணாதவர் உண்டு. நகோயாவிலிருந்து வந்த ஒன்பது கட்டுரைகளே சான்று.

நம் நாட்டைப் பற்றி வந்தவர்கள் எழுதியதைப் படித்தால் இது இன்னும் தெளிவாகும். தமிழகத்திலிருந்து பத்து நாள் வந்து சென்றவர்களின் நூல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். பத்துமலையின் 272 படிகள் தவறாமல் வரும். ‘இங்கே தமிழ் வாழ்கிறது’ என்ற பாராட்டும் வரும். விருந்தோம்பியவர்களின் பெயர்ப் பட்டியல் நீளும். பால்மரத் தோட்டத்தில் ஒரு காலைப்பொழுது வரும். அந்தத் தோட்டத்தில் ஏன் இப்போது தமிழர் குறைந்துபோயினர், லயத்து வீடுகளை விட்டவர்கள் எங்கே சென்றனர் என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. நாம் அதைப் படித்துவிட்டுக் குறைபட்டுக்கொள்கிறோம். ஆனால் விருந்தாளியிடம் அதை எதிர்பார்ப்பது முறையா? சொல்ல வேண்டியவர்கள் நாம். தோட்டத்திலிருந்து நகரத்துக் குடியிருப்புக்கு முப்பது மைல் தூரம் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சென்ற பயணத்தை, அதனை மேற்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளாகிய நாம், பயணம் என்றே எண்ணவில்லை. சிறுகதையில் எழுதினோம், கவிதையில் புலம்பினோம். பயணக் கட்டுரையாக எழுதத் தோன்றவில்லை. வெளிநாடு சென்றால்தான் பயணம் என்று எங்கோ கற்றுக்கொண்டோம்.

எங்கே கற்றோம்? வகுப்பறையில்தான். இங்கே நான் என்னையே சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் தலைப்பை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் இந்நாட்டில் இருக்க முடியாது. ‘கடந்த பள்ளி விடுமுறையின்போது’ என்று தொடங்க வேண்டும். அதிகாலையில் பேருந்து புறப்பட வேண்டும். இயற்கைக் காட்சிகள் கண்ணைக் கவர வேண்டும். ஒரு பழமொழியோ மரபுத்தொடரோ இடம்பெற வேண்டும். இறுதியில் ‘அந்தச் சுற்றுலா என் மனத்தில் பசுமரத்தாணிபோல் பதிந்தது’ என்று முடிய வேண்டும். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த நாள் முதல் இதனைக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். தேர்வில் புள்ளி பெறுவதற்கு அது உதவியது. ஆறாம் ஆண்டின் அந்த அரசாங்கத் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது, வாய்பாடோ நிறுத்தப்படவில்லை. இன்றும் பள்ளிகளுக்கிடையிலான கட்டுரைப் போட்டிகளில் நடுவராக அமரும்போது, அதே பேருந்து அதே அதிகாலையில் புறப்படுவதைக் காண்கிறேன்.

நகோயா மாணவர் ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தார். அவ்வாண்டு மாணவர்களைப் பினாங்குக்கு அழைத்துச் சென்றோம். வழியில் தாப்பாவுக்கு அருகே பேருந்தின் சக்கரம் பழுதாகி, சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னபோது, இவர் பினாங்கைப் பற்றி ஐந்து வரியும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி மூன்று பக்கமும் எழுதினார். ஓட்டுநர் சட்டையைக் கழற்றி மடித்து ஒரு மரக்கிளையில் மாட்டியதும், கீழே படுத்துக்கொண்டு திருகாணியைத் தேடியதும், டுரியான் விற்ற மூதாட்டி ஒரு பழத்தைப் பிளந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்ததும் அதில் இருந்தன. நான் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினேன்: ‘தலைப்பை விட்டு விலகியுள்ளாய்.’ மறுமுறை எழுதி வரச் சொன்னேன். அவர் எழுதி வந்தார். கொம்தார் கட்டடமும் கொடிமலை இரயிலும் சரியாக இடம்பெற்றிருந்தன. நல்ல புள்ளி கொடுத்தேன்.

இப்போது பத்தாவது கட்டுரைக்கு வரலாம். அது குப்பையைப் பற்றியது. ஜப்பானில் குப்பையை எரியக்கூடியது, நெகிழி, புட்டி, தகரம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நாளில் வெளியே வைக்க வேண்டும் என்பதைப் பலரும் எழுதியிருக்கின்றனர். ‘என்னே அவர்களின் ஒழுங்கு!’ என்று வியந்து முடித்திருக்கின்றனர். இவர் வியக்கவில்லை. தாம் குடியேறிய முதல் மாதத்தில் வைத்த பை எடுக்கப்படாமல், மேலே ஒரு சீட்டு ஒட்டப்பட்டுத் தெருவில் தனியாகக் கிடந்ததையும், அதைக் கண்டு வேலைக்குப் போகும் வழியில் முகம் எரிந்ததையும் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் வந்து குந்தி, பையைத் திறந்து, வெங்காயத் தோலையும் நெகிழித் தாளையும் கையால் பிரித்துக் காட்டுகிறார். தம் மிச்சச் சோற்றையும் கறிவேப்பிலையையும் அயலார் ஒருவர் தொடுவதைக் கண்டு இவர் கூசுகிறார். பிறகு ஒவ்வொரு குப்பை நாளிலும் இருவரும் தலை வணங்கிக்கொள்கின்றனர். நான்கு ஆண்டுகள் அப்படியே கழிகின்றன. ஒரு குளிர்காலத்தில் பெரியவரின் பை வெளியே வருவதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிறது. யாரிடம் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, கேட்பது முறைதானா என்று இவருக்குத் தெரியவில்லை. தொழிற்சாலைக்குத் தேவையான ஜப்பானிய மொழி எல்லாம் தெரியும்; இதற்குரிய சொற்கள் தெரியவில்லை. கட்டுரை அங்கே நின்றுவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் ஜப்பானியரின் தூய்மை உண்டு. தூய்மையின் கடுமையும் உண்டு. முதுமையின் தனிமை உண்டு. அயல்நாட்டில் வாழ்பவனின் நிலையும் உண்டு: அண்டை வீட்டுக்காரன் ஆகலாம், ஆனால் ‘அவருக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்கும் உரிமை எப்போது வரும் என்பது தெரியாது. ஃபூஜி மலையைப் பற்றிய கட்டுரையில் ‘கம்பீரம்’ என்ற சொல் நான்கு முறை வந்தது. இதில் அடைமொழிகளை எண்ணினேன், விரல்களே மிஞ்சின. தலைவணங்குதலை விளக்கும் ஒரு பத்தி மட்டும் நீண்டுவிட்டது. இறுதியில், நம்மூரில் அண்டை வீட்டார் எப்படிப் பழகுவர் என்னும் ஒப்பீட்டைத் தொடங்கி, இரண்டு வரியில் அடித்துவிட்டிருக்கிறார். அடித்தது நல்லதே.

ஓரத்தில் பென்சிலால் இருந்த குறிப்பு இது: ‘ஐயா, இது பயணக் கட்டுரை ஆகுமா? தலைப்பை விட்டு விலகுகிறதோ என ஐயம். வேண்டாமென்றால் நீக்கிவிடுகிறேன்.’

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய சிவப்பு வரி, பென்சில் எழுத்தாக நகோயாவிலிருந்து திரும்பி வந்திருந்தது. அவர் அதை நினைவில் வைத்து எழுதினாரா, அறியாமல் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. எதுவாயினும் பொறுப்பு என்னுடையதே.

இவ்வகைக் கட்டுரைக்கு இடம் கிடைப்பது எளிதன்று என்பதையும் மறைக்கலாகாது. ஞாயிறு பதிப்புகளில் பயணப் பக்கம் என்றால் வண்ணப்படம் கேட்பர். குப்பைப் பைக்கு வண்ணப்படம் எடுக்க முடியாது. விமானச் சீட்டு விலையும் விடுதி வாடகையும் தருமாறு கேட்பர். அவற்றைத் தருவதும் தவறன்று. ஆற்றுப்படையும் அதைத்தான் செய்தது. ஆனால் அதற்குமேல் ஒரு வரி எழுத இடம் தரும் பக்கங்கள் நம்மிடம் குறைவு. செட்டியாருக்கும் சர்மாவுக்கும் இரங்கூனில் அமைந்ததைப்போல, வாழும் ஊரிலேயே ஒரு தமிழ் இதழும், எழுதியது தவறென்றால் மறுநாளே வந்து சொல்லும் வாசகரும் இன்று அயலகத்தில் வாழும் நம் இளைஞர் பலருக்கு அமைவதில்லை. இவர்கள் எழுதுவது ஈப்போவில் இருப்பவருக்காகவோ சென்னையில் இருப்பவருக்காகவோ ஆகிவிடுகிறது. தொலைவில் இருப்பவருக்கு எழுதும்போது பொன்மண்டபம்தான் முதலில் கைக்கு வருகிறது. அண்டை வீட்டுக்காரர் படிக்கக்கூடும் என்ற அச்சத்தோடு எழுதினால் ஒன்பது கட்டுரைகளும் வேறு விதமாக அமைந்திருக்கும். நகோயாவில் வாழும் மற்றொரு தமிழர் படித்தால் எதைப் பொய் என்பார் என்று எண்ணிக்கொண்டே திருத்துமாறு அவருக்கு எழுதினேன்.

மேலும் சில எழுதினேன். பத்தாவது கட்டுரை முதலாவதாக வரட்டும். ஹிரோஷிமாவையும் தொழிற்சாலையையும் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் தொழிற்சாலையைப் பற்றித்தான் அவர் இன்னும் எழுதவே இல்லை. ஆறு ஆண்டுகள் நாள்தோறும் செல்லும் இடம் அது. இரவு முறை வேலை முடிந்து திரும்பும்போது தெரு எப்படி இருக்கும், எந்தக் கடை திறந்திருக்கும், தமிழில் எண்ணிக்கொண்டே ஜப்பானிய மொழியில் பேசும்போது நா எங்கே இடறுகிறது என்பவற்றை எழுதட்டும். மான்களை விட்டுவிடலாம்.

முன்னுரையை இன்னும் எழுதவில்லை. அதற்கு முன், அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்டறிந்து எழுதுமாறு கேட்டிருந்தேன். இரு வாரங்களுக்குமுன் பதில் வந்தது. கேட்பதற்குரிய தொடரை உடன் பணியாற்றும் ஒருவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டாராம். கதவைத் தட்டத்தான் இன்னும் துணிவு வரவில்லையாம். அவருடைய தெருவில் எரியக்கூடிய குப்பைக்குச் செவ்வாயும் வெள்ளியும் உரிய நாள்கள். வெள்ளிக்கிழமை காலையில், பையைக் கொண்டுபோய் வைக்கும்போது, கேட்டுவிடுவதாக எழுதியிருக்கிறார்.